மைக்ரோமீட்டருக்குச் சந்தனக்காப்பு

முல்லைக் கொடிக்குள் மறைந்திருந்து, மன்னன் ஒருவன் அறியாமல் வீசிய வாளின் காயத்தைத் திருமேனியில் ஏற்று, அந்தக் காயத்தின்மேல் சந்தனம் சாத்திக்கொண்டு நிற்கும் திருமுல்லைவாயில் மாசிலாமணிப் பெருமானே, நீ குறையொன்றும் இல்லாத மணி. குறைகளோடு எழுதும் கை என்னுடையது. தும்பிக்கையானை முன்னே நடக்கவிட்டு, நீ என் சொல்லோடு துணையாக வருக.

இன்று கார்த்திகைச் சோமவாரம். பிரதோஷமும் கூடி வந்திருக்கிறது. நந்திக்குப் பாலும் இளநீரும் சொரிவதைக் கண்டு, மேனாம்பேட்டில் உள்ள என் வீட்டுக்குத் திரும்பி, திருநீறு உலர்வதற்குள் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதவிருப்பது ஒரு தொழிற்கூடத்தின் கதை. சென்ற ஆயுத பூஜையை ஒட்டி, தரச் சான்றிதழ் ஒன்றைப் பெறுவதற்காக நாங்கள் பட்ட பாடும் அதில் கண்ட ஆனந்தமும் மனத்தில் ஈரம் காயாமல் இருக்கின்றன.

ஆவடியில் அரசுத் தொழிற்சாலையொன்றில் அலுவலகப் பணி செய்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் இருந்தால் காலை முழுவதும் திருமுறை ஓதிக்கொண்டிருப்பேன். என் மனைவி பொறுமைசாலிதான், எனினும் பொறுமைக்கும் ஓர் ஓய்வு வேண்டுமல்லவா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், லாரிகளின் பிரேக்குக்குள் பொருந்தும் சிறு தகடுகளைப் பிரஸ்ஸில் வெட்டித் தரும் ஒரு சிறிய கம்பெனியின் முதலாளி, கோயிலில் நான் பாடக் கேட்டுப் பழகியவர். தம்முடைய கம்பெனிக்குத் தரச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றும், அதற்கான வேலை முறைகளை எல்லாம் தொழிலாளர்களுக்குப் புரியும் தமிழில் எழுதித்தர ஆள் வேண்டும் என்றும் கேட்டார். புரியும் தமிழ் என்ற சொல்லை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை.

முதலில் எழுத வேண்டியிருந்தது தரக் கொள்கை. நாம் என்ன செய்கிறோம், வாங்குபவருக்கு என்ன வாக்குத் தருகிறோம் என்பதை நாலு வரியில் சொல்லி, வாசலில் மாட்டிவைக்க வேண்டும். தணிக்கைக்கு வருபவர் எந்தத் தொழிலாளியை நிறுத்திக் கேட்டாலும் அவர் அதைச் சொல்ல வேண்டும். நான் பெருமானை வேண்டி, ஓசை குன்றாத விருத்தமாக ஒன்றை அமைத்துக் கொண்டுபோனேன். பெரிய பிரஸ்ஸை ஓட்டும் ஆபரேட்டர் அதைத் தலைசாய்த்துப் பார்த்தார். சென்னீர்குப்பத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், அவர் பேசினால் பிரஸ்ஸின் சத்தம் கொஞ்சம் அடங்கியதுபோலத் தோன்றும்.

"பெரியவரே, இது நம்ம கம்பெனிக்குத் தானா, இல்ல சொர்க்கத்துக்குப் போறதுக்கா?"

"ஏனப்பா, என்ன குறை?"

"கொறையெல்லாம் ஒண்ணியும் இல்ல. இன்னா எழுதிக்கீதுன்னு சொல்ல ஒரு ஆளு, அத்த எனக்குப் புரிய வைக்க இன்னொரு ஆளு, ரெண்டு பேரு வேணும். அவ்ளோதான்."

பொருள் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர்காரர் அருகில் நின்று சிரித்தார். ஆபரேட்டரின் பால்ய நண்பர்; ஆபரேட்டர் எது சொன்னாலும் முதலில் சிரிப்பது தம் கடமை என்று எண்ணுபவர். நான் மாற்றி எழுதினேன். மூன்றாம் முறை எழுதியது நின்றது:

வாங்குவோர் மனம்குளிர வார்த்தை தவறாமல்
தீங்குவரும் முன்னரே தேடித் திருத்தி
நேற்றினும் இன்று நேர்த்தியாய்ச் செய்து
போற்றும் படியாய்ப் பொருளைத் தருவோம்.

சொற்கள் பிடிபட்டாலும் மனப்பாடம் ஏறவில்லை. ஆகவே நான் அதற்கு ஒரு பண் கூட்டி, காலையில் சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றும்போது எல்லோரும் சேர்ந்து பாடும்படி செய்தேன். ஒரு வாரத்துக்குள் தேநீர் கொண்டுவருபவர்கூட அதை முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

இனி இந்தக் கதைக்கு உரியவரைச் சொல்ல வேண்டும். அவர் ஆய்வு அறையின் பொறுப்பாளர். முப்பது வயதை ஒட்டிய பெண்மணி. ஆவடிக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், தந்தையார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து குடியேறியவர், கத்தோலிக்கக் குடும்பம். கழுத்தில் சிறிய சிலுவை, கையில் எப்போதும் ஒரு துடைக்கும் துணி. வெட்டிவரும் தகடுகளின் கனத்தையும் துளையையும் அளந்து, சரியானதைப் பச்சைத் தட்டிலும் தவறானதைச் சிவப்புத் தட்டிலும் போடுவதே அவர் பணி. சான்றிதழ் வாங்கலாம் என்று முதலாளியிடம் வாதாடியவரும் அவரே.

முதலாளிக்கு அதில் பாதி மனந்தான் இருந்தது. முன்பு ஒருமுறை முயன்று தவறிப்போன கசப்பு அவருக்கு. ஒருநாள் எங்கள் எல்லோர் முன்பும் சொல்லிவிட்டார்:

"இதோ பாருங்கம்மா, இது கடைசித் தடவை. இதுலயும் வரலேன்னா நான் சரக்கை வெளியில குடுத்து செக் பண்ணிக்கிறேன். அந்த ரூமை ஸ்டோருக்கு விட்டுடுறேன். அப்புறம் உங்களுக்குன்னு இங்க ஒரு வேலை இருக்காது. நான் முன்னாடியே சொல்லிட்டேன்."

"சரி சார்" என்றார் அந்தப் பெண்மணி. அவ்வளவே. ஆனால் அன்றிலிருந்து அவருடைய துணி இன்னும் வேகமாகத் துடைத்தது.

மாதக்கணக்கில் உழைத்தோம். வேண்டாதவற்றை வெளியேற்றினோம், வேண்டியவற்றுக்கு இடம் குறித்தோம், தரையில் மஞ்சள் கோடு போட்டோம். நாளுக்கு நாள் சிறிது சிறிதாகச் சீர் செய்வதற்குக் கைசன் என்று பெயராம். கிழக்கே ஒரு தேசத்தார் தந்த சொல். ஆபரேட்டர் தம்முடைய எண்ணெய்க் குவளைக்கு ஒரு கொக்கி மாட்டிவிட்டு, "மேடம், கைசன் பண்ட்டேன், வந்து பாருங்க" என்று நாள்தோறும் கூப்பிடுவார். ஸ்டோர்காரர் தம் மதியச் சாப்பாட்டு டப்பாவுக்கும் ஒரு பலகையில் இடம் எழுதி வைத்தார். கூடத்தில் மூன்று மதத்தாரும் நாலு மாவட்டத்தாரும் இருந்தார்கள். எல்லோருக்கும் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

தணிக்கைக்கு நாள் குறித்தார்கள். ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறை, அதன் பின் ஒரே ஒரு வேலை நாள், அதற்கு மறுநாள் தணிக்கை. ஆய்வுப் பொறுப்பாளரின் தங்கை குழந்தைக்குப் பூந்தமல்லியில் ஞானஸ்நானம் அந்த ஆயுத பூஜையன்றே அமைந்துவிட்டதால் அவர் வரவில்லை. ஆண்டுதோறும் பொரியும் சுண்டலும் வாங்கிக்கொள்ள முதல் ஆளாக நிற்பவர் அவர். அவர் இல்லாதது எல்லோருக்கும் ஒரு குறையாகவே இருந்தது.

பூஜை வெகு சிறப்பாக நடந்தது. பிரஸ்களுக்கு மாவிலையும் வாழைக்கன்றும். சரக்கு வண்டிக்கு மாலை. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம். நான் பாடத் தொடங்கினேன். பாடல் முடியும்வரை சந்தனம் குங்குமம் இடுவது இங்கே வழக்கம். அன்று மனம் கனிந்திருந்ததால் ஒரு பதிகம் முழுவதும் பாடி, அது போதாதென்று இன்னொன்றும் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பாடுபவன் நான். தீபாராதனைக்குக் கண் திறந்தபோது கூடமே மங்கலமாக விளங்கியது. விஜயதசமியன்று முதலாளியும் நாங்கள் சிலரும் வந்து, மறுபூஜை செய்து, பிரஸ்களை ஒருமுறை ஓட்டி நிறுத்திவிட்டுக் கலைந்தோம். ஆய்வு அறைப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

அடுத்த நாள் காலை அந்தப் பெண்மணி வந்து, தங்கை குழந்தையின் விழாவில் கொடுத்த கேக்கை எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டு, ஆய்வு அறையைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். நான் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

அளவு பார்ப்பதற்கு அடித்தளமாக உள்ள கருங்கல் பலகை, முகம் பார்க்கும் கண்ணாடிபோல வழவழப்பானது. அதன்மேல் சிவலிங்கத்துக்கு இடுவதுபோல மூன்று பட்டை திருநீறு. நடுவே ரூபாய் அகலக் குங்குமம். மைக்ரோமீட்டர்கள் பெட்டியிலிருந்து எடுக்கப்பட்டு வரிசையாக வீற்றிருந்தன. மயிரிழையின் கனத்தை அளக்கும் அவற்றின் இரண்டு முகங்களுக்கும் இடையே சந்தனம் உலர்ந்து வெடித்திருந்தது. திருகுகளின் மரைக்குள் குங்குமம். வெர்னியர் என்னும் அளவுகோலின் தாடையில் ஒரு செவ்வந்தி.

ஆபரேட்டர் கேக்கைத் தின்றபடி வந்து சேர்ந்தார்.

"நல்லாக்கீதா மேடம்? நீங்க லீவுன்னு உங்க ஆயுதத்த மட்டும் உட்டுட முடியுமா? ஓனர் கையில சாவி வாங்கி நாங்க ரெண்டு பேருந்தான் ஜோடிச்சோம்."

ஸ்டோர்காரர் சிரிக்க வாயெடுத்தவர் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருக்குண்ணே" என்றார் அந்தப் பெண்மணி. "நாளைக்கு ஆடிட்டு."

"அதான் தெரியுமே. சாமி பாத்துக்கும்."

"அண்ணே, இதெல்லாம் சரியா அளக்குதான்னு லேப்ல சோதிச்சு ஸ்டிக்கர் ஒட்டி வாங்கினது. இனிமே இது அளக்கிறது சரியா தப்பான்னு எனக்கே தெரியாது."

ஆபரேட்டரின் கையில் பாதிக் கேக் நின்றுபோயிற்று. அவர் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒரு வாட்டம். "மேடம், சத்தியமா தெரியாது மேடம். உங்க பொருளுன்னுதான் ரெண்டு பங்கு சந்தனம் வச்சேன்" என்றார்.

செய்தி எட்டி முதலாளி வந்தார். அறையைப் பார்த்தார். ஒரு கணம் கைகூப்பிவிட்டு, பிறகுதான் கோபப்பட்டார்.

"ஸ்பிரிட் போட்டுத் துடைங்க. பெட்டியில வைங்க. ஸ்டிக்கர் தெரிஞ்சாப் போதும், நாளைக்கு வர்றவர் என்ன பிரிச்சா பாக்கப் போறாரு?"

"துடைக்கலாம் சார். ஆனா சோதிக்காம வச்சு நாளைக்கு அதுல அளந்து காட்டினா, நம்ம பாட்டை நாமே பொய்யாக்கின மாதிரி."

"பாட்டா? அம்மா, சான்றிதழ் போச்சுன்னா என்ன ஆகும்னு நான் சொல்லியிருக்கேன்."

"நினைவு இருக்கு சார். போறது என் வேலைதானே. என்னைச் செய்ய விடுங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் பெருமானைப் பார்ப்பதுபோல மேற்கூரையைப் பார்த்தேன். அவர், "என்னவோ செய்யுங்க" என்று சொல்லி அலுவலறைக்குள் போய்விட்டார்.

அந்தப் பெண்மணி இரண்டு மைக்ரோமீட்டரையும் துளை பார்க்கும் கேஜ்களையும் பதமாகத் துடைத்து, அடுத்த தெருவில் இருந்த சோதனைக் கூடத்துக்கு ஸ்டோர்காரரின் ஸ்கூட்டரில் அனுப்பினார். அன்றைய வேலைக்கு அவை போதும். ஏனையவற்றைச் சந்தனத்தோடு சிவப்புத் தட்டில் வைத்து, "பயன்படுத்தக் கூடாது" என்று அட்டை கட்டச் சொன்னார். கருங்கல் பலகைக்கும் ஓர் அட்டை. நல்லவேளை, விடுமுறை ஆதலால் அந்தக் கருவிகளால் ஒரு தகட்டையும் யாரும் அளந்திருக்கவில்லை. வெளியே போன சரக்கில் சந்தேகம் இல்லை. அதன்பின் எல்லோரையும் பிரஸ்ஸின் பக்கத்தில் கூட்டினார். தவறு நேர்ந்தால் ஐந்துமுறை ஏன் என்று கேட்டு வேரைத் தேட வேண்டும் என்பது இந்த முறைமையில் ஒரு விதி. யாரையும் திட்டக்கூடாது என்பது அதற்குள் இருக்கும் இன்னொரு விதி. எழுதுகோல் என் கையில்.

"மைக்ரோமீட்டருக்குள்ள சந்தனம் ஏன் வந்துச்சு?"

"நாங்க வச்சோம்" என்றார் ஆபரேட்டர், பள்ளிக்கூடத்தில் நிற்பவர்போல.

"ஏன் வச்சீங்க?"

"ஆயுதம் மேடம். வைக்காம உட்டா அது கோச்சிக்கும்."

"சரி. மூடி மேல வைக்காம, ஏன் திறந்து உள்ள வச்சீங்க?"

ஆபரேட்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"மேடம், உண்மைய சொல்லணும்னா, பாட்டு முடியற வரைக்கும் பொட்டு வச்சிகினே இருக்கணும். எல்லா மிசினுக்கும் வச்சாச்சு. பாட்டு முடியல. நாற்காலிக்கு வச்சோம். தண்ணி ட்ரம்முக்கு வச்சோம். பாட்டு முடியல. அப்பறந்தான் உங்க ரூமுக்கு வந்தோம். அங்க பொட்டிக்கி மேல வச்சோம். பெரியவரு இன்னொரு பாட்டு எடுத்துட்டாரு. இன்னா பண்றது, தொறந்துட்டோம்."

கூடம் வெடித்துச் சிரித்தது. அந்தப் பெண்மணி வாயைத் துணியால் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வழிந்தது. அது சிரிப்பா, காலையிலிருந்து அடக்கியதா என்று எனக்குத் தெரியவில்லை.

"எழுதணுமா அம்மா?" என்றேன்.

"எழுதணும் ஐயா. பாட்டுக்கு நேரம் குறிக்கப்படவில்லைன்னு எழுதுங்க."

எழுதினேன். என் எழுத்து வாழ்க்கையில் அவ்வளவு பணிவோடு எழுதிய வாக்கியம் வேறில்லை.

"இப்ப நாலாவது. உள்ள வைக்கக்கூடாதுன்னு உங்களுக்கு ஏன் தெரியல?"

"யாரும் சொல்லலயே."

"யாரும் ஏன் சொல்லல?"

இதற்கு விடையையும் அந்தப் பெண்மணி தாமே சொன்னார். "போன வருஷம் நான் இருந்தேன்" என்றார். "நானே பெட்டியை மூடி, எடுத்துக் குடுத்து, மூடி மேல வைங்கன்னு சொன்னேன். அது என் தலைக்குள்ளயே இருந்துச்சு. எங்கயும் எழுதி வைக்கல. நான் இல்லாத அன்னைக்கு அதுவும் இல்லாமப் போச்சு."

ஸ்குரு பொறுக்குவதற்குக்கூட அந்தக் கூடத்தில் எழுதப்பட்ட வேலைமுறை உண்டு. ஆண்டிலேயே பெரிய வேலையான பூஜைக்கு மட்டும் இல்லை. அன்று பிற்பகல் நாங்கள் அதை எழுதினோம். ஆளுக்கொன்று சொன்னார்கள். பிரஸ்ஸுக்குச் சந்தனம் அதன் சட்டத்தில். அவசரமாக நிறுத்தும் சிவப்புப் பொத்தானில் குங்குமம் கூடாது. அளவு கருவிக்கு மூடிய பெட்டியின் மேல். எலுமிச்சம்பழத்தை நசுக்கியதும் தரையைத் துடைக்க வேண்டும். பூசணிக்காய் வாசலுக்கு வெளியே. பாட்டு ஒரு பதிகம். கடைசி வரியைச் சொன்னவர் ஸ்டோர்காரர். சோதனைக் கூடத்திலிருந்து கருவிகள் நலமாகத் திரும்பிய மகிழ்ச்சியில் அவருக்குத் துணிச்சல் வந்திருந்தது.

மறுநாள் வந்த தணிக்கையாளர் சிரிப்பைச் செலவழிக்காதவர். மஞ்சள் கோட்டின்மேல் கால் படாமல் நடந்தார். பிரஸ் அருகே நின்று, "உங்க கம்பெனியோட தரக் கொள்கை என்ன?" என்று ஆபரேட்டரைக் கேட்டார்.

"மொதல்ல இருந்து பாடுனாத்தான் சார் வரும்."

"பாடணுமா?"

"ஆமா சார். சும்மா சொன்னா வாயில நிக்காது. நீங்க ஊதுவத்தி மட்டும் இருக்கறதா நெனச்சிக்கோங்க."

பாடினார். இரண்டாம் வரியில் ஸ்டோர்காரர் சேர்ந்துகொண்டார்; மூன்றாம் வரியில் கூடம் முழுவதும். தணிக்கையாளர் தாளம் போடவில்லை. ஆனாலும் எழுதுவதை நிறுத்தியிருந்தார். "தீங்குவரும் முன்னரேன்னா என்ன அர்த்தம்?" என்றார்.

"தப்பு வர்றதுக்கு மின்னாடியே புடிச்சிக்கணும் சார். நேத்து நாங்க கொஞ்சம் லேட்டாப் புடிச்சோம். மேடம் சொல்வாங்க, போங்க."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆய்வு அறையில் சிவப்புத் தட்டு மேசைமேலேயே இருந்தது. குங்குமம் கலைந்த மைக்ரோமீட்டரைத் தணிக்கையாளர் நுனி விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அந்தப் பெண்மணி ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் நடந்ததைச் சொன்னார். சோதித்து வந்த கருவிகளின் சான்றையும், ஐந்து ஏன்களையும், பூஜை வேலைமுறையையும் நீட்டினார். தணிக்கையாளர் நின்றுகொண்டே படித்தார். பாட்டின் நேரம் பற்றிய இடத்துக்கு வந்ததும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் திருநீற்றுப் பையைத் தடவிக்கொண்டேன்.

"இதை நேத்தே துடைச்சு உள்ள வச்சிருக்கலாமே" என்றார்.

"வச்சிருக்கலாம் சார். அடுத்த வருஷமும் இதே நடந்திருக்கும்."

அவர் அதையும் குறித்துக்கொண்டார். அன்று மாலை எல்லோரையும் அமர்த்தி முடிவைச் சொன்னபோதும் குரலை ஏற்றவில்லை. சான்றிதழுக்குப் பரிந்துரை செய்வதாகவும், ஒரே ஒரு குறிப்பு மட்டும் எழுதியிருப்பதாகவும் சொன்னார். பூஜை வேலைமுறைக்கு ஆவண எண்ணும் முதலாளியின் ஒப்பமும் இல்லையாம். அவற்றை இட்டு அனுப்ப வேண்டுமாம். "எங்க ஆபீஸ்லயும் பூஜை உண்டு. இதுல ஒரு பிரதி எனக்கு வேணும்" என்றார் புறப்படும்போது. அப்போது அவர் சிரித்தாரா என்பதில் எங்களுக்குள் இன்றுவரை கருத்து வேற்றுமை உண்டு.

முதலாளி அந்தப் பெண்மணியின் முன் வந்து நின்றார். எதையோ பெரிதாகச் சொல்ல எண்ணியவர், கடைசியில், "ரூமுக்கு ஏ.சி. வேணும்னு சொல்லிட்டே இருந்தீங்கல்ல, எத்தனை டன் போடணும்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

"ரூம் இருக்குமா சார்?"

"இருக்கும்மா. நீங்களும்தான்."

அவர் தலையை அசைத்துவிட்டு, ஆய்வு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஆபரேட்டர் கதவருகே போய் நின்று, "மேடம், அழுவறீங்களா? அழுதா வெளிய வந்து அழுங்க, மைக்ரோமீட்டர் மேல தண்ணி பட்டுடப் போவுது" என்றார். உள்ளிருந்து சிரிப்பொலி கேட்ட பிறகே பிரஸ்ஸை ஓட்டப் போனார். அவர் போட்ட முதல் வெட்டின் ஓசை தொழிற்பேட்டைத் தெருமுனைவரை கேட்டது.

இதை வாசித்தருளும் அன்பர்களே, உங்கள் கை செய்யும் வேலை எதுவாயினும் அது இறைவன் ஏற்கும் அர்ச்சனையாகுக. அதில் குறை நேர்ந்தால் மறைக்காமல் சொல்லும் நெஞ்சுரமும், சொன்னவரைச் சிரித்த முகத்தோடு கேட்கும் சுற்றமும் உங்களுக்கு வாய்க்க. நேற்றைவிட இன்றும், இன்றைவிட நாளையும் உங்கள் இல்லங்கள் சிறந்து, பிணியின்றிப் பசியின்றிப் பல்லாண்டு வாழ்க. திருச்சிற்றம்பலம்.